சும்மாடு கட்டிய மர ஆள்

புதுச்சேரியில், மூலக்குளத்தில் மாடி வீடு கட்டினேன். வில்லியனூர் ரோட்டில் பட்டறை கட்டினேன். தகரக் கொட்டகையாகத் தொடங்கி, கான்கிரீட் கூரை போட்டு, த்ரீ பேஸ் கரண்ட் இழுத்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிற இடமாக அதை ஆக்கினேன். மகளை நர்சுக்குப் படிக்க வைத்தேன். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்தில் மகனுக்குப் பெண் எடுத்தேன். மடுகரையில் கரும்பு வெட்டக் கூலிக்குப் போனவருக்குப் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவன் நான். பேங்கில் என்னை உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்துப் பேசிய காலம் உண்டு. பிறகு அதே பேங்கில் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்கள். இதையெல்லாம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நானே சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நான் செய்ததில் ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. அது கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. மரத்தில் செய்த ஓர் ஆள். நான் இப்போது இருக்கிற இந்தப் பிரெஞ்சு ஊரின் தமிழ்ச் சங்க மலருக்கு எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பாரிசிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி, மகன் பிரபுவின் வீட்டில் இருக்கிறோம், நானும் என் சம்சாரம் தனபாக்கியமும். வந்த புதிதில் ஒருநாள் லிப்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். கூட ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். நம் ஊரில் பேரன் எடுத்திருக்கிற வயது அவருக்கு. சாவிக்கொத்தில் ஒரு மர ஆள் தொங்கினான், சிவப்பு நிறம். அவர் மாட்டியிருந்த பையிலும் அதே ஆளின் படம். பிறகு பார்த்தால் அவர் வீட்டுக் கதவிலும் அவனையே ஒட்டி வைத்திருந்தார். நம் ஊரில் கதவில் திருஷ்டிப் படம் ஒட்டுகிறோமே, அந்த இடத்தில். கையை விரித்து, காலை அகட்டி நிற்கிற ஆள். தலை மட்டும் மேலே தட்டை.

தனபாக்கியம் என் விலாவில் இடித்தாள். “யோவ், நம்ம ஆளுயா.”

எனக்கும் தெரிந்துவிட்டது. பெற்றவனுக்குப் பிள்ளையைத் தெரியாதா? ஆனால் அந்த நேரத்தில் உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. லிப்டு கீழே வந்தது. கதவு திறந்தது. இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது. பனி விழுவதை முதன்முதலாகப் பார்த்தபோது எல்லோரும் போன் போட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளையாக இருக்கிறது என்றேன்.

இந்த ஆளைச் செய்வது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொருவனாகச் செதுக்குவதாக நினைத்துவிடாதீர்கள், அப்படிச் செதுக்கினால் பிழைக்க முடியாது. ரப்பர் மரச் சட்டத்தை ஸ்பிண்டில் மிஷினில் விட்டால், பிளேடு அதன் நீளத்துக்கும் ஓடி ஆள் உருவத்தில் இழைத்துவிடும். சட்டத்தின் முனையைப் பார்த்தால் ஓர் ஆள் தெரிவான். அந்த நீளக் கட்டையைச் சின்ன ரம்பத்தில் வைத்து ரொட்டி வெட்டுகிற மாதிரி வில்லை வில்லையாகச் சீவ வேண்டும். சீவச் சீவ ஆள் ஆளாக விழுவான். பிறகு டிரம்மில் போட்டு உருட்டி, சாயம் ஏற்றி, காய வைத்து, மூட்டை கட்ட வேண்டும். பட்டறையில் இதற்கு நாங்கள் வைத்த பெயர் ஆள் சீவுவது. ஒருமுறை மீட்டர் பார்க்க வந்த கரண்ட்டு ஆபீஸ் தம்பி, வாசலில் நின்ற தனபாக்கியத்திடம் உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டிருக்கிறான். “ஆளு சீவறோம் தம்பி. காலையிலேர்ந்து ஒரு மூட்டை ஆளு சீவி முடிச்சாச்சு” என்று இவள் சாதாரணமாகச் சொன்னாள். அவன் மீட்டரைப் பார்க்காமலே வண்டியை எடுத்தான்.

அந்தத் தட்டைத் தலை வந்த கதையைச் சொல்ல வேண்டும், இந்தக் கட்டுரைக்கே அதுதான் காரணம். அதுவரை நாங்கள் சப்பாத்திக் கட்டை, செஸ் காய், பொம்மை வண்டிச் சக்கரம் என்று செய்துகொண்டிருந்தோம். சென்னையில் ஓர் ஏஜெண்ட் இருந்தார், வெளிநாட்டு ஆர்டர் பிடித்துக் கொடுப்பவர். ஒருநாள் அவர் ஒரு படத்தைச் செல்போனில் பிடித்து அனுப்பினார். பலகை விளையாட்டு ஒன்றுக்கு மர ஆள் வேண்டும், இந்த மாதிரி, அவசரம் என்றார். படத்தில் தலையின் மேல்பக்கம் வெட்டுப்பட்டு நேர்க்கோடாக முடிந்திருந்தது. போன் பிடித்தவர் அவசரத்தில் மேலே கொஞ்சம் விட்டுவிட்டார். வேறு எவனாக இருந்தாலும் திருப்பிக் கூப்பிட்டு, தலை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஒருவன் கை இரண்டையும் விரிக்கிறான், காலை அகட்டி ஊன்றிக்கொள்கிறான், தலை மேலே தட்டையாக இருக்கிறது. மடுகரையில் வளர்ந்த எவனுக்கும் அது யாரென்று தெரியும். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டு, கரும்புக் கட்டைத் தலையில் தூக்கிவிடச் சொல்லி நிற்கிற ஆள். என் அப்பா அப்படி நின்றதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கி, ஓரத்தில் லேசாகப் பிதுங்கவிட்டு, சும்மாடு சும்மாடாகவே தெரியும்படி பிளேடு அடித்து வாங்கினேன். மொத்த ஆர்டரையும் சீவி அனுப்பினேன்.

ஏஜெண்ட் போனில் கத்தினார். “என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க? எல்லாப் பயலுக்கும் பாதித் தலையைக் காணோம்!”

“தல இருக்குது சார். மேல இருக்கறது சும்மாடு.”

“மாடா? நான் ஆளு கேட்டேன் சார். மாடு யார் கேட்டா?”

“மாடு இல்ல சார், சும்மாடு. செமை தூக்கறவன் தலையில வச்சிக்குவான்ல.”

“ஐயோ, வெளையாட்டுக் காய் சார் அது! அவன் எந்தச் செமையைத் தூக்கப் போறான்?”

வைத்துவிட்டார். பட்டறையில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அடுத்த கட்டையை ரம்பத்தில் வைத்தேன். பயந்திருந்தால் இந்த இடத்துக்கு வந்திருப்பேனா? கொஞ்ச நாள் கழித்து அதே ஏஜெண்ட் மறுபடியும் கூப்பிட்டார். குரலில் வெண்ணெய் வழிந்தது. அந்த வெளிநாட்டுக்காரனுக்குத் தட்டைத் தலை பிடித்துப்போய்விட்டதாம். ஒருவன் தலைமேல் இன்னொருவனை நிற்க வைக்க முடிகிறதாம். மூட்டை மாதிரிச் சின்னக் கட்டைகளையும் தலையில் ஏற்ற முடிகிறதாம். அதனால் விளையாட்டின் விதியையே மாற்றிவிட்டார்களாம். யார் ஆள் அதிகச் சுமையைத் தலையில் ஏற்றி, கீழே தள்ளாமல் மலையேறி வருகிறானோ அவன் ஜெயித்தவன். இனி தட்டைத் தலைதான் வேண்டும், வேறு மாதிரி வேண்டாம் என்றார். “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!” என்று வேறு சொன்னார். பல வருஷம் அந்த ஆர்டர் ஓடியது. மூலக்குளத்து மாடி அந்தத் தலைமேல் நிற்கிறது.

பிறகு ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. என் விரல்களும் போய்விட்டன. இருக்கின்றன, ஆனால் உணர்ச்சி இல்லை. ரம்பத்தின் அதிர்வு வருஷக்கணக்காக ஏறி ஏறி நரம்பைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மரத்துப் போனது என்று நாம் சொல்கிறோம். மரத்தோடு இருந்தவன் மரத்துப் போகாமல் வேறு என்ன ஆவான் என்று நானும் பட்டறையை ஒரு தண்ணிக்கேன் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு இங்கே வந்தேன். இங்கே குளிரில் எல்லோருக்கும் விரல் மரத்துப் போகிறது. உள்ளே வந்து ஹீட்டரில் கையைக் காட்டினால் அவர்களுக்குத் திரும்பி வந்துவிடுகிறது. நானும் பக்கத்தில் நின்று கையைக் காட்டுவேன்.

லிப்டில் பார்த்த அந்த வெள்ளைக்காரரின் பெயர் ழெரோம். இன்னொரு நாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டார். சாவிக்கொத்தைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டு, “மீ, மீ” என்றேன். எனக்கு வருகிற பத்து இங்கிலீஷ் சொல்லில் அதுவும் ஒன்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நானும் அந்த ஆளின் ரசிகன் என்று எடுத்துக்கொண்டார். மாலையில் வீட்டுக் கதவைத் தட்டி, பிரபுவிடம் பேசி, சனிக்கிழமை எங்கள் இருவரையும் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார். மேரி என்கிற முனிசிபல் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு சால், ஹாலைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். அங்கே பெரியவர்கள் கூடிப் பலகை விளையாட்டு ஆடுகிறார்கள். பிள்ளைகள் இல்லை, எல்லாம் ஆபீசுக்குப் போகிறவர்கள், ரிட்டயர் ஆனவர்கள்.

“போய்ட்டு வாங்கப்பா, வூட்லயே அடைஞ்சி கிடக்கறீங்க” என்றான் பிரபு. காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஓட்டலில் டூட்டி இருக்கிறது என்று போய்விட்டான். மருமகளும் வேலைக்குப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பத்துச் சொல்லும் அங்கே போய் நின்றோம்.

அந்த மனிதர்களுக்கு மர ஆள்மேல் இருக்கிற ஆசையை நான் சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். ஓர் அம்மா காதில் இரண்டு மர ஆட்களைத் தோடாகப் போட்டிருந்தார். பிஸ்கட்டைக்கூட அவன் உருவத்தில் சுட்டு வைத்திருந்தார்கள். ஒருவர் தன் ஆட்களுக்குத் தனித்தனியாகத் தையல் பை வைத்திருந்தார். பிளாஸ்டிக் ஆளைக் கொண்டுவந்து வைத்தால் முகம் சுளிக்கிறார்கள், மரம்தான் வேண்டுமாம். கையில் எடுத்ததும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே பேசுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோர் விரலும் என் சும்மாட்டைத் தடவிக்கொண்டிருந்தது. தடவிப் பார்க்க எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். நானும் தடவினேன். என் விரலுக்கு அது கட்டையா காற்றா என்று தெரியவில்லை.

எங்கள் மேசையில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். திடீரென்று குனிந்து மேசைக்கடியில் பார்த்து, “மோன் பொனோம்! மோன் பொனோம்!” என்று கத்தினார்.

தனபாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னாயா இது, பொணம் பொணம்ன்றாங்க?”

“தெரியலயே. யாருக்கோ இன்னாமோ ஆயிடுச்சி போல.”

இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் குல்லாவைக் கழற்றினேன். மேசையில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எங்களுக்கு என்ன ஆயிற்றோ என்று அவர்களும் எழுந்து நின்றார்கள். ழெரோம் மட்டும் மேசைக்கடியில் நுழைந்து, ஒரு மஞ்சள் மர ஆளை எடுத்து வந்து அந்த அம்மா முன்னால் நிற்க வைத்தார். “வுவாலா, ல ப்தி பொனோம்.” எல்லோரும் உட்கார்ந்தார்கள், நாங்களும் உட்கார்ந்தோம். பொனோம் என்றால் ஆள் என்று பிற்பாடு மருமகள் சொன்னாள். சின்ன ஆளைச் செல்லமாக அப்படிச் சொல்வார்களாம். யோசித்துப் பார்த்தால் நாங்களும் பட்டறையில் அவனை ஆள் என்றுதான் சொன்னோம். பெயர் வைப்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்து ழெரோம் கேட்டார், எந்த ஊர் என்று. கையைக் காட்டி, புருவத்தைத் தூக்கிக் கேட்டதால் புரிந்தது.

“வில்லியனூர்” என்றேன்.

“ஆ! வில்நேவ்!”

“உய், உய். கொம்யூன் வில்லியனூர்.”

“கொம்யூன் த வில்நேவ்!” என்று தொடையில் தட்டினார். பக்கத்து மேசைக்கும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஆச்சரியம்தான். மகனின் சினேகிதர்களிடம் புதுச்சேரி என்றாலே மேப்பில் தேடுகிறார்கள், இந்த மனுஷனுக்கு வில்லியனூரே தெரிந்திருக்கிறதே. ஊராட்சிக்குக் கொம்யூன் என்ற சொல்லை வெள்ளைக்காரர்கள் நம்மிடம் விட்டுவிட்டுப் போனார்கள், அதற்கு இன்றைக்குப் பலன் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இதுதான் சமயம் என்று பட்டது. ஊரைத் தெரிந்தவரிடம் ஆளைப் பற்றிச் சொல்லிவிடலாம். என் ஆட்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. சும்மாட்டு ஆளுக்கு அடித்த பிளேடு முதல் வாரமே மரத்தின் ஒரு முடிச்சில் மோதி, கால் வருகிற இடத்தில் துளி சில்லுப் போய்விட்டது. புது பிளேடு கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், ஆர்டரோ அவசரம். அப்படியே ஓட்டினேன். ஓட்டி ஓட்டி அதுவே வழக்கமாகிவிட்டது. அதனால் என் பட்டறையில் பிறந்த ஒவ்வோர் ஆளுக்கும் இடது காலின் வெளிப்பக்கத்தில் மயிரிழை மாதிரி ஒரு வரி மேடாக இருக்கும். டிரம்மில் எவ்வளவு உருட்டினாலும் போகாது. மேசையில் நின்ற பச்சை ஆளை எடுத்தேன். என் விரலுக்குத் தெரியவில்லை, விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கும் சரியாகத் தெரியவில்லை. தனபாக்கியத்திடம் கொடுத்தேன். அவள் பெருவிரலை ஒரு தடவை ஓட்டினாள்.

“தோ இருக்குது. நம்ம வூட்டு ஆளுதான்.”

ழெரோமிடம் அந்தக் காலைக் காட்டினேன். “மீ” என்றேன். என் நெஞ்சைத் தொட்டேன். “வில்லியனூர்” என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். வரியைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

“ஆ... தெஃபோ. பார்தோன், மிசியே. பார்தோன்.”

உள்ளே போய் ஒரு புதுப் பாக்கெட்டைப் பிரித்து, அதிலிருந்து ஒரு பச்சை ஆளை எடுத்து வந்தார். வழவழவென்று இருந்தான், இடது காலில் ஒன்றும் இல்லை. எங்கே செய்ததோ. தலை மட்டும் தட்டை, அதே சும்மாடு, ஓரத்தில் அதே பிதுக்கம். அவனை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார். என் ஆளை எடுத்துப்போய், காது உடைந்த காய், முனை தேய்ந்த பகடை எல்லாம் போட்டு வைத்திருக்கிற ஒரு டப்பாவில் போட்டார். நான் மெர்சி என்றேன். எது கொடுத்தாலும் மெர்சி சொல்ல வேண்டும் என்று மருமகள் பழக்கி வைத்திருக்கிறாள், வாய் சொல்லிவிட்டது.

திரும்பி வரும்போது லிப்டில் தனபாக்கியம் என்னைப் பார்க்காமல் பேசினாள். “நீ பெத்தத வாங்கிக் குப்பையில போட்டான். எவனோ பெத்தத உன் கையில குடுத்தான். நீ மெர்சின்ற.”

வீட்டுக்குள் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே காலில் வரி உள்ள பச்சை ஆள் இருந்தான். நான் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டப்பாவிலிருந்து எடுத்துவிட்டாளாம். “திருட்டு இல்லயா, அவங்களுக்குத்தான் வேணாமே” என்றாள்.

மறுநாள் காலை பிரபு போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். “அப்பா, கிளப்போட பேஸ்புக் பக்கத்துல உங்களப் பத்திப் போட்டுருக்காங்க.”

“இன்னா போட்டுருக்கான், படிடா.”

அவன் தமிழாக்கிச் சொன்னது இது, தெஃபோ என்றால் குறையாம். நேற்று வில்நேவிலிருந்து வந்திருந்த ஒரு முதியவர், பழைய பதிப்பின் காய்களில் கால் பக்கம் ஒரு குறை இருப்பதைக் கூர்மையாகக் கண்டு சொன்னார், அவருக்கு நன்றி. இனி வருகிற பதிப்பில் அந்தக் குறை இருக்காது. வில்நேவ் என்பது நம் ரயிலில் அடுத்த ஸ்டேஷன் என்று பிரபு சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதோடு இன்னொரு செய்தியும் இருந்தது. கோடைக்குள் புதுப் பெட்டி அச்சாகிறதாம். அதில் இந்த ஆளின் வரலாற்றைச் சொல்ல ஒரு தனிப் பக்கமே உண்டாம். விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஒருநாள் காப்பிக்கடையில் சர்க்கரைக் கட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, தலையைத் தட்டையாக்கலாம் என்ற யோசனை வந்ததாம். படம் வரைந்தவர் பெயர், விதி எழுதியவர் பெயர், ஆடிப் பார்த்துச் சொன்னவர்கள் பெயர் எல்லாம் வருமாம். அவர்கள் வீட்டு நாய்க்கும் நன்றி உண்டாம்.

“சக்கரக் கட்டியா?” என்றேன். “அவனுக்கு எழுதுடா. வில்லியனூர்ல ஒருத்தன் செஞ்சதுன்னு எழுது.”

“விடுப்பா. ஒரு மரத்துண்டுக்கா சண்ட போடுவாங்க? யார் கேக்கப் போறா?”

“நீ வளந்ததே அந்தத் துண்டுலதான்டா.”

“சரிப்பா, எழுதறேன்” என்றான். இன்னும் எழுதவில்லை. அவனுக்கு டூட்டி, பிள்ளை, ரயில். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்தச் சர்க்கரைக் கட்டிக்காரன்மேலும் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடம் தெரிகிறது. அங்கே தொட்டால் ஒன்றும் தெரியவில்லை.

போன வாரம் மகள் பட்டறையிலிருந்து வீடியோ காலில் பேசினாள். தண்ணிக்கேன்காரர் வாடகை விஷயமாக அங்கே போயிருந்தாள். அவளுக்குப் பின்னால் கதவு காற்றில் அடிக்காமல் ஒரு கட்டை முட்டுக் கொடுத்துக் கிடந்தது. “அத கொஞ்சம் கிட்டக் காட்டும்மா” என்றேன். சீவாமல் விட்ட கடைசி ஆள் கட்டை. முனையில் கையை விரித்து, காலை அகட்டி, சும்மாட்டோடு நிற்கிறான். உள்ளே இன்னும் எத்தனையோ பேர் ஒருவனுக்குள் ஒருவனாக இருக்கிறார்கள். அதே பிளேடு இழைத்தது, இடது காலில் அதே வரி. இங்கே எங்கள் சமையலறை ஜன்னலில், தனபாக்கியம் கொண்டுவந்த பச்சை ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பனியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சீவிய வில்லை இங்கே, மீதிக் கட்டை அங்கே. ஒரே ஆள்தான். இவன் தலைமேல் எதை ஏற்றுவது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாததால் சும்மா நிற்கிறான்.

இந்த மலரைப் படிக்கிறவர்களில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். பெட்டி இன்னும் அச்சாகவில்லை. விளையாட்டை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை, அது அவர்களுடையது. சும்மாடு என்னுடையது. அதைக் காப்பிக்கடையில் யாரும் அடுக்கவில்லை, மடுகரையில் கரும்புக் கட்டுக்குக் கீழே நின்ற ஒருவரின் தலையிலிருந்து நான் எடுத்தேன். இடது காலில் இருப்பது குறை இல்லை, என் பட்டறையின் முத்திரை. அந்தத் தனிப் பக்கத்தில், நாயின் பெயருக்கு மேலே, தலையைச் செய்தவர் ஏழுமலை என்று போடச் சொல்லுங்கள். ஊரையும் போட வேண்டும். வில்நேவ் இல்லை, வில்லியனூர்.